கடல்கோளும் நம் கடமையும்



கடல் நிலத்தை விழுங்குவதற்குக் ‘கடல்கோள்’ எனத் தனிச்சொல்லே கண்டவர் நாம். பூம்புகாரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை பேசுகிறது. சொல்லைக் காத்த நாம், அச்சொல் உணர்த்தும் எச்சரிக்கையைக் காத்தோமா?

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற தொடர்வண்டியை, 100க்கு மேற்பட்ட பயணிகளுடன் அலை வாரிக்கொண்டது. 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்திராவுக்கு அருகே கடலடி நடுங்கியது. பேரலை நாகப்பட்டினத்தை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. ஓடித் தப்பக் காலம் இருந்தது, செய்திதான் வரவில்லை. அம்மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர்.

2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அமைந்தது. ஆயினும் 2017இல் ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கருவி அறிந்ததைக் கடைசிப் படகும் அறிதல் வேண்டும்.

அவையோரே, இரங்கற்பா பாடுதல் எளிது. நிலம் நடுங்கினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ மேட்டை நாடு. முதல் அலை தணிந்ததும் திரும்பி வாராதே. இவ்விரண்டையும் நம் பிள்ளைகளுக்குத் தாலாட்டோடு ஊட்டுவோம். மாண்டோர்க்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலி அதுவே.