பொன்னி அரிசியும் பாத்திக் கணக்கும்



பினாங்கின் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் போனால் பொன்னி அரிசி மூட்டை கண்ணில் படாமல் இருக்காது. தமிழ்நாட்டு அரிசி என்றுதான் அதை வாங்குகிறோம். ஆனால் பொன்னியின் பெற்றோரில் ஒன்று நம் மலேசிய நாட்டு நெல். மாயாங் எபோஸ் 80 என்று பெயர். இன்னொன்று தைவானின் தைச்சுங் 65.

இந்த இரண்டையும் சேர்த்த கதை 1950-இல் தொடங்குகிறது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம், ஒடிசாவின் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பெரிய ஒட்டுத் திட்டத்தை ஆரம்பித்தது. அந்த நிலையத்தின் முதல் இயக்குநர் கே. ராமையா, கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி செய்தவர். ஒட்டு விதைகள் பல நாடுகளுக்கும் போயின. மலாயாவுக்கு வந்தவற்றை நம் செபராங் பிறையிலிருக்கும் புக்கிட் மேரா நிலையத்தில் விதைத்து, பல தலைமுறை பார்த்துப் பொறுக்கினார்கள். 1965-இல் மஹ்சூரி என்னும் ரகம் வெளிவந்தது. அதே வம்சத்திலிருந்துதான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் திருத்திய வெள்ளைப் பொன்னியைத் தந்தது.

இவ்வளவு பாடு எதற்கு? நம் வெப்பநாட்டு நெற்பயிர்கள் உயரமானவை. தழைச்சத்தைக் கூட்டிப் போட்டால் மளமளவென்று வளர்ந்து, கதிர் பிடிக்கும் நேரத்தில் சாய்ந்துவிடும். தைச்சுங் 65 போன்ற ஜப்பானிய வகை நெல்லோ உரத்தைத் தாங்கி நிற்கும். ஆகவே, எந்த நெல் நல்ல நெல் என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. எந்த நெல், எவ்வளவு உரத்தில், எந்த இடைவெளியில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். குறைந்த உரத்தில் முதலிடம் பிடிக்கும் ரகம், உரம் கூடியதும் கடைசிக்குப் போகலாம்.

இப்படிச் சேர்த்துக் கேட்கும் முறையை 1920-களில் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் பண்ணையில் ரொனால்ட் ஃபிஷர் வகுத்தார். ஒரு நேரத்தில் ஒரு கேள்வியைத்தான் கேட்க வேண்டும் என்ற பழைய எண்ணத்தை அவர் மறுத்தார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 உர அளவு, 3 ரகம், 2 நடவு இடைவெளி. மொத்தம் 24 சேர்க்கை. ஒவ்வொன்றையும் 3 முறை நட்டால் 72 பாத்தி. எது எங்கே வரும் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்ய வேண்டும். நமக்குப் பிடித்த ரகத்தை வளமான மூலையில் வைத்துவிடும் ஆசைக்கு இடமே கொடுக்கக் கூடாது.

நெல் வயலில் இன்னொரு சிக்கல் உண்டு. தண்ணீரோடு உரமும் பக்கத்துப் பாத்திக்குக் கசியும். 72 பாத்திக்கும் தனித்தனி வரப்பு கட்டினால் நிலம் வரப்புக்கே போய்விடும். அதனால் உர அளவுக்கு மட்டும் வரப்பு கட்டிய முதன்மைப் பாத்தி, அதற்குள் ரகத்துக்கும் இடைவெளிக்கும் சிறிய துணைப் பாத்தி என்று பிரிக்கிறார்கள். இங்கே முதன்மைப் பாத்தி 12, ஒவ்வொன்றுக்குள்ளும் 6 துணைப் பாத்தி.

இன்று இந்த வேலையைக் கணினி செய்கிறது. ப்ரீட்பேஸ் போன்ற பயிர்ப் பெருக்க மென்பொருள்கள் குலுக்கல் போட்டு, வயல் வரைபடம் தந்து, பாத்திக்கு ஒரு பட்டைக்குறியீடும் அச்சிட்டுத் தரும். கைப்பேசியிலேயே அளவுகளைப் பதியலாம். ஆனால் இரண்டு விஷயத்தை நாம்தான் அதற்குச் சரியாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, ரகம், உரம், இடைவெளி மூன்றையும் தனித்தனிக் காரணிகளாகப் பதிய வேண்டும். மூன்றையும் ஒட்டி ஒரே பெயராக எழுதிவிட்டால், உரத்தைக் கூட்டியபோது எந்த ரகம் எப்படி நடந்துகொண்டது என்று பின்னால் பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு.

இரண்டாவது, எது முதன்மைப் பாத்தி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், 12 பாத்திக்கு மட்டுமே தனித்தனியாக இட்ட உரத்தை 72 பாத்திக்கும் தனித்தனியே இட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். இல்லாத நம்பிக்கையோடு ஒரு விடையையும் சொல்லும். அந்த விடையை நம்பி உரத்துக்குக் காசு கொட்டப்போகிறவர் விவசாயி.

இன்று செபராங் பிறையில் மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டியின் நிலையம் நம் நெல் விதைகளை மரபணு வங்கியில் பாதுகாக்கிறது. அந்த விதைகளிலிருந்து நாளைய நெல் பிறக்க வேண்டுமானால், வயலில் நேர்மையான ஒப்பீடு வேண்டும். மென்பொருள் கணக்கைத்தான் போடும். கேள்வியை ஒழுங்காகக் கேட்பது மனிதர் பொறுப்பு.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அறிவியல் கண்காட்சிக்கு 2 வகை மிளகாய், 2 உர அளவு, சேர்க்கைக்கு 5 தொட்டி, மொத்தம் 20 தொட்டி வையுங்கள். இடத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். ஆர் என்னும் இலவச மென்பொருளில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எந்த மிளகாய் நன்றாகக் காய்த்தது என்பதோடு, எந்த உரத்தில் காய்த்தது என்றும் உங்களால் சொல்ல முடியும்.