பூஞ்சை நோய்க் கணக்கு சரியா வருதா?



2021 மே மாதம் ஞாபகம் இருக்கா? கொரோனா இரண்டாவது அலைக்கு நடுவுல 'கருப்பு பூஞ்சை'ங்கிற பேர் எல்லார் போன்லயும் சுத்துச்சு. மருத்துவத்தில் அதற்கு மியூக்கார்மைகோசிஸ் என்று பெயர். பூஞ்சை ஒண்ணும் கருப்பு இல்லீங்க. ரத்தக் குழாய் அடைபட்டு சதை கருத்துப் போறதால வந்த பேர். அந்த மாதமே தமிழ்நாடு அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, ஒரே ஒரு நோயாளி வந்தாலும் சுகாதாரத் துறைக்குச் சொல்லியாகணும்.

எதுக்கு இந்தக் கணக்கு? அப்போ ஆம்போடெரிசின்-பி ஊசி மருந்துக்குக் கடும் தட்டுப்பாடு. நோயாளிகள் எண்ணிக்கையை வச்சுத்தான் மத்திய அரசு மாநிலங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்தது. நாம குறைச்சுச் சொன்னா மருந்தும் குறைச்சலாத்தான் வரும்.

சரி, அந்தக் கணக்கை எப்படி நம்புறது? விழுப்புரத்துக்காரர் ஒருத்தர்னு வச்சுக்குங்க. கண் வீங்கி, முதல்ல உள்ளூர் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போறார்; அங்கிருந்து சென்னைக்கு. ரெண்டு இடத்திலும் பதிஞ்சா ஒருத்தர் ரெண்டு பேர் ஆயிடுவார். 'அவங்க சொல்லியிருப்பாங்க'ன்னு ரெண்டு பேரும் விட்டுட்டா ஆளே கணக்கில் இல்லை. உறவினர் வீட்டுச் சென்னை முகவரியைக் கொடுத்திருந்தால் விழுப்புரம் சுகாதார அலுவலருக்கு விஷயமே தெரியாது.

அதனால ஒரு மாவட்டத்தில் பூஜ்யம்னு வந்தா எனக்கு முதல்ல சந்தேகம்தான் வரும். நோய் இல்லையா, இல்ல யாரும் பதியலையா? ஆய்வகப் பதிவேட்டையும் மருந்து இருப்புப் பதிவேட்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கணும். ஆம்போடெரிசின் செலவாகியிருக்கு, நோயாளி பதிவு இல்லைன்னா விசாரிக்கணும்.

தாமதத்தையும் அளக்கணும். சதைத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால் அன்றைக்கே தெரியலாம். வளர்ப்புப் பரிசோதனைக்குச் சில நாட்கள் ஆகும். அதற்கு மேலும் தகவல் மேசையில் கிடந்தால் அது எங்க தரப்புத் தப்பு. இப்போ ஆன்லைன் பதிவு வந்தாச்சு, ஆனா தப்பான முகவரியைக் கம்ப்யூட்டர் திருத்தாதே!

இது ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்குத் தொற்றாது. மறைக்க வேண்டியதில்லை. சொந்த ஊர் முகவரி, உபயோகத்தில் இருக்கிற செல் நம்பர், முதல் அறிகுறி வந்த தேதி, சர்க்கரை நோய் இருந்தா அதையும் சொல்லுங்க. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து போன்ல வச்சுக்குங்க. ஆஸ்பத்திரி மாறும்போது காட்டணும். சந்தேகம்னா 104-க்குக் கூப்பிடுங்க.