பசிக்கும் இடமே பாலூட்டும் இடம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றித்தான் பேசுவார் என்று எண்ணியிருப்பீர்கள். அவற்றைக் கிளினிக்கில் பேசிக்கொள்ளலாம். இன்று நான் எடுத்துக்கொண்ட விடயம் வாய்விட்டுப் பேச நாங்கள் கூச்சப்படுகிற ஒன்று. வீட்டுக்கு வெளியே வைத்துக் குழந்தைக்குப் பசித்தால் தாய் என்ன செய்வது?

பெருமைப்பட வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதமானோர் தாய்ப்பாலை மட்டுமே குடித்தார்கள். உலகில் மிகச் சில நாடுகளே இந்த அளவைத் தொட்டிருக்கின்றன. வெயிலிலும் மழையிலும் வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு இதில் பெரும் பங்குண்டு. பால்மா விற்பனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச விதிக்கோவையை உலக சுகாதார சபை 1981இல் ஏற்றது. அதையொட்டி இலங்கையும் தனக்கொரு கோவையை 1980களிலேயே வகுத்துக்கொண்டது.

ஆனால் தாய் வீட்டுப் படலையைத் தாண்டியதும் கதை மாறுகிறது. மல்லாவியிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ வைத்தியசாலைக்கும் வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் வருகிற தாயை நினைத்துப் பாருங்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கவே ஒரு மணித்தியாலம் போய்விடும். குழந்தை வீரிட்டு அழும். பக்கத்தில் நிற்பவர், "போத்தல் கொண்டு வரேல்லையோ?" என்பார். இன்னொருவர், "உள்ளுக்குப் போய்க் குடு பிள்ளை, ஆக்கள் பாக்கினம்" என்பார். அந்த "உள்ளுக்கு" என்பது பல இடங்களில் மலசலகூடம்தான். எங்களில் யாராவது மலசலகூடத்துக்குள் இருந்து சோறு சாப்பிடுவோமா?

இப்படி இரண்டு தடவை கேட்ட தாய், மூன்றாம் தடவை போத்தலுடன்தான் வெளிக்கிடுவாள். தாய்ப்பால் பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். பிள்ளை உறிஞ்சும்போது இரண்டு ஹோர்மோன்கள் வேலை செய்கின்றன. புரோலக்டின் பாலைச் சுரக்க வைக்கிறது; ஒக்சிடோசின் அதை வெளியே தள்ளுகிறது. வெட்கமும் பதற்றமும் இரண்டாவதைத் தடுக்கும். கூனிக் குறுகி இருக்கும் தாய்க்குப் பால் இறங்கச் சுணங்குவது அதனால்தான். பிள்ளை அழ, "எனக்குப் பால் காணாது போல" என்று அவள் நம்பத் தொடங்குவாள். போத்தல் கூடக் கூடச் சுரப்பும் குறையும். பிறகு அந்தப் போத்தலைக் கழுவும் தண்ணீரிலிருந்து வயிற்றோட்டம் வரும். பால்மாவுக்கு நாடே வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதை வாங்கக் காசுக்கு எங்கே போவது?

போர்த்திக்கொண்டு கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. தாய் விரும்பினால் தாராளமாகப் போர்த்தட்டும். ஆனால் வன்னியின் சித்திரை வெயிலில் துவாயால் மூடப்பட்ட பிள்ளைக்கு வேர்க்கும், மூச்சு முட்டும். பிள்ளை சரியாகக் கவ்வியிருக்கிறதா என்று தாய்க்கும் தெரியாது.

"எங்கட பண்பாடு இது இல்லை" என்கிறார்கள். எந்தப் பண்பாடு? எங்கள் பேத்திமார் வயல் வரம்பிலும், கிணற்றடியிலும், திண்ணையிலும் இருந்துதான் பாலூட்டினார்கள். நாவூறு படும் என்று சீலைத் தலைப்பை இழுத்து விட்டிருப்பார்கள். ஆனால் எழும்பிப் போகவில்லை. எவரும் போகச் சொல்லவுமில்லை.

யுத்த காலத்தையும் இந்த மண்ணில் நின்று பேசாமல் விட முடியாது. பதுங்குகுழிக்குள்ளும், தறப்பாள் கொட்டிலுக்குள்ளும், பின்னர் செட்டிகுளம் முகாம்களிலும் தாய்மார் எல்லோர் நடுவிலும் இருந்து பாலூட்டினார்கள். உணவின்றி வாடிய உடம்புடன், பால்மாவுக்காக வரிசையிலும் நின்றார்கள். 2009 ஏப்ரல் 8ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில் அப்படியொரு வரிசையின் மீது எறிகணைகள் விழுந்தன. இறந்த தாய்மார் சிலரின் கைகளில் பால்மா அட்டை இருந்ததை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது. ஒரு பிள்ளையின் பசிக்கு என்ன விலை என்று இந்த மண்ணுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று எவரும் அந்தத் தாய்மாரைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. கண்ணாடிக் கதவு போட்ட கடைகளும் குளிரூட்டிய அலுவலகங்களும் வந்த பிறகு எங்களுக்கு ஏன் இந்தச் சுளிப்பு?

சட்டத்துக்கு வருகிறேன். பொது இடத்தில் பாலூட்டக் கூடாது என்று இந்த நாட்டுச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. மாறாக, அரசியலமைப்பின் 12(3) உறுப்புரை, கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொதுக் களியாட்ட இடங்கள், தத்தம் மத வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுக்குள் செல்வதில் பால் காரணமாக எவருக்கும் கட்டுப்பாடு விதிக்கக் கூடாது என்கிறது. பாலூட்டும் தாய் என்ற சொல் அதில் இல்லைத்தான். ஆனாலும் வாதத்தை அங்கிருந்து தொடங்கலாம். சட்டம் படித்த தங்கைமார் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அது உங்கள் வேலை.

வேலைக்குப் போகும் தாய்க்கும் சட்டம் உண்டு. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தொழிலாளிக்கு ஒன்பது மணித்தியாலத்துக்குள் இரண்டு இடைவேளைகள் கொடுக்க வேண்டும். பிள்ளையை வைத்திருக்க அங்கே இடமிருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம். இல்லையென்றால் ஒரு மணித்தியாலம். ஆனால் விடிய முன்னம் பஸ் ஏறி ஆடைத் தொழிற்சாலைக்கு வருகிறவளின் பிள்ளை இருபது மைலுக்கு அப்பால் அம்மம்மாவிடம் இருக்கிறது. அந்த ஒரு மணித்தியாலத்தை வைத்து அவள் என்ன செய்வாள்? பாலைப் பிழிந்து குளிராக வைக்க ஒரு மறைவிடமும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் இருந்தால்தான் அந்த உரிமைக்கு உயிர் வரும்.

வெளிநாட்டிலிருக்கும் அக்காமாருக்கு நான் சொல்லப்போவது தெரிந்திருக்கும். பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, பாலூட்டுகிறாள் என்பதற்காக ஒரு தாயைக் கடையிலிருந்தோ உணவகத்திலிருந்தோ எழுப்ப முடியாது. ஸ்கொட்லாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பொது இடத்தில் பால் கொடுப்பதைத் தடுப்பது 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2017இல் லரிசா வோட்டர்ஸ் அவுஸ்திரேலிய நாடாளுமன்றச் சபைக்குள் இருந்தே தன் மகளுக்குப் பாலூட்டினார். அயலில், 2025 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், பொது இடத்தில் பாலூட்டுவதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்று சொன்னது.

தமிழ்நாட்டில் 2015 ஓகஸ்டில் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா நூற்றுக்கணக்கான பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்து வைத்தார். நல்ல வேலை. ஆனால் அவற்றிற் சில பூட்டிக் கிடப்பதாகப் பின்னர் பத்திரிகைகள் எழுதின. அதிலும் எங்களுக்கொரு பாடம் உண்டு. அறை இருப்பது வசதி. அறை இருப்பதால் மற்ற இடத்தில் கொடுக்கக் கூடாது என்று சொன்னால் அந்த வசதியே விலங்காகிவிடும். தாய் விரும்பினால் அறைக்குப் போகட்டும். விரும்பாவிட்டால் இருந்த இடத்திலேயே கொடுக்கட்டும்.

இனி, நாங்கள் என்ன செய்யலாம்?

நூற்றாண்டு நினைவாக எதையாவது கட்ட வேண்டும் என்று பேசுகிறீர்கள். வளைவு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் எங்கள் பாடசாலையிலேயே காற்றோட்டமான ஓர் அறை, சாய்ந்திருக்க ஒரு கதிரை, கை கழுவத் தண்ணீர், ஒரு மின்விசிறி தாருங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தாய்க்கும் பிரசவ விடுமுறை முடிந்து வரும் ஆசிரியைக்கும் அது உதவும். பெயர்ப்பலகை பெரிதாகவும் சாவி ஒருவரின் கைப்பையிலுமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கடை நடத்துபவர்கள் ஒரு கதிரை போடுங்கள். பிரதேச சபைகளில் இருப்பவர்கள் பஸ் நிலையத் திட்டம் மேசைக்கு வரும்போது ஒரு கேள்வி கேளுங்கள். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் மடுமாதா திருவிழாவுக்கும் கைக்குழந்தைகளோடு வருகிற தாய்மாருக்கு நிழலில் இடம் ஒதுக்கும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். தாயே என்று கூப்பிடத்தானே அங்கே போகிறோம்!

காசு செலவில்லாத ஒன்றும் உண்டு. "மூடு", "உள்ளுக்குப் போ" என்று அந்தத் தாய்க்குச் சொல்வது அநேகமாக இன்னொரு பெண்தான். அவளைக் காப்பாற்றத்தான் சொல்கிறோம் என்று நினைக்கிறோம். அடுத்த முறை அப்படியொரு தாயைக் கண்டால் அவளுடைய பையை வாங்கிப் பிடியுங்கள். பாலூட்டும்போது தாகமெடுக்கும், ஒரு போத்தல் தண்ணீர் கொடுங்கள். உற்றுப் பார்ப்பவனைத் திருப்பிப் பாருங்கள். ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்கள், இது சாப்பாடு என்று சின்ன வயதிலேயே அவர்களுக்குச் சொல்லி வளருங்கள்.

நிமிர்ந்து நின்று பேச எங்களுக்குப் பழக்கிய பாடசாலை இது.