நோயாளியின் பாதம் நம் கையில்

(யூபிலி விழாவையொட்டி, நோயாளர் தினத்தன்று பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்பது கோயிலுக்கு வெள்ளையடிப்பதும், கொடியேற்றுவதும், தேரிழுப்பதும் மட்டுமன்று. கடந்த காலத்தைக் கணக்குப் பார்ப்பதும் யூபிலிதான். அவ்வாறு பார்த்தபோது நம் கணக்கில் தீராத கடன் ஒன்று தெரிந்தது. அதை உங்கள் முன்னிலையில் சொல்லிவிட விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நம் பங்குப் பெரியவர் ஒருவர் வேளாங்கண்ணிக்குச் செருப்பின்றி நடந்து வருவதாக நேர்ந்துகொண்டார். அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை வியாதி இருப்பது நமக்குத் தெரியும். தெரிந்தும், தலைமேல் கைவைத்து ஆசீர் அளித்து அனுப்பினோம். பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தார்ச்சாலைச் சூட்டில் கொப்புளம் கண்டது. "வலிக்கவே இல்லீங்க சாமி, மாதா பார்த்துக்கிட்டாங்க" என்று திரும்பி வந்து சொன்னார். புண்ணோ எலும்புவரை போயிருந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

வலிக்காதது புதுமையன்று, அதுவே நோய். இரத்தத்தில் நெடுங்காலம் மிகுந்து நிற்கும் சர்க்கரை, பாத நரம்புகளை மழுங்கச் செய்கிறது. இரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. முள் தைத்தாலும் தெரியாது. தைத்த புண்ணும் ஆறாது. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு தொழுநோயாளரிடம் இதே உண்மையைக் கண்டார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் அடிபட்டுச் சிதைகின்றன என்று காட்டினார். தொழுநோயாளருக்கு உதவிய மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு இன்று சர்க்கரை நோயாளருக்கும் உதவுகிறது.

அந்தப் பெரியவரின் எஞ்சிய விரல்களைக் காத்தவர் அவருடைய மருமகள். நாள்தோறும் மாலையில் வெதுவெதுப்பான நீரை எடுப்பார். சூட்டைத் தம் முழங்கையால் சோதித்தபின்பே மாமனாரின் பாதத்தைக் கழுவுவார். விரலிடுக்கு வரை ஈரம் ஒற்றி, உள்ளங்காலை விளக்கொளியில் பார்ப்பார். எண்ணெய் தடவுவார், விரலிடுக்கில் தடவமாட்டார். நகத்தை நேராக வெட்டுவார். காலாணியில் பிளேடு படவிடமாட்டார். செருப்பை உதறிப் பார்த்தே மாட்டிவிடுவார். சிறு சிவப்பு கண்டாலும் மறுநாளே திருச்சி சாலை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார். பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேரின் பாதங்களை நாம் ஆண்டுக்கொருமுறை கழுவுகிறோம். அவர் அதை நாள்தோறும் செய்தார். யாரும் பாட்டுப் பாடவில்லை.

இது ஒரு வீட்டுக் கதையன்று. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் உண்டென 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறிற்று. 1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தினார்கள். அதற்குமுன் அத்தகைய பிள்ளைகளுக்குச் சாவே முடிவாயிருந்தது. ஆகவே ஊசியைச் சாபமென்று எண்ணாதீர்கள். மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள்.

ஊசியோ மாத்திரையோ எடுத்தபின் உணவு தவறினால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், குழறிய பேச்சு தோன்றும். குடித்திருக்கிறார் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால்மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுத்து, தெளிந்ததும் உணவளியுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

"உபவாசத்தை விட்டால் பாவமில்லையா?" என்று கேட்கிறீர்கள். நோயாளரை உபவாசம் கட்டுப்படுத்தாது. நற்கருணைக்கு முந்திய ஒரு மணி நேர நோன்பைத் தண்ணீரும் மருந்தும் முறிப்பதில்லை. முதியோருக்கும் நோயாளருக்கும், அவர்களைப் பராமரிப்போருக்கும்கூட, உணவருந்தியிருந்தாலும் நற்கருணை வாங்க 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இடமளிக்கிறது. தைராய்டு மாத்திரையையும் தண்ணீரோடு விழுங்கிவிட்டே பூசைக்கு வரலாம். காப்பி மட்டும் அரைமணி நேரமாவது பொறுக்கட்டும். உக்கடத்தில் நம் அண்டை வீட்டு இஸ்லாமியப் பெருமக்களின் மறையும் ரமலான் நோன்பில் நோயாளருக்கு விலக்களிக்கிறது. இறைவன் நோயாளியை வதைக்க விரும்புகிறவர் அல்லர்.

யூபிலியின் நினைவாக மூன்று முடிவுகள். நடைபயணம் செல்லும் சர்க்கரை நோயாளர், மருத்துவரிடம் பாதத்தைக் காட்டியபின்பே நம்மிடம் ஆசீருக்கு வரவேண்டும். பாத நோயுள்ளோர் செருப்புடனேயே ஆலயத்துள் வரலாம். எவரும் முகம் சுளிக்க வேண்டாம். ஒவ்வோர் அன்பியமும், நோயாளி உள்ள வீட்டுக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஒருவரை அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் அவ்வீட்டு மருமகளோ மகளோ சற்றே கண்ணயரட்டும்.

பெரியவரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். "சாமி, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். என்ன செய்ய வேண்டுமென்று இப்போது நமக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.