பச்சை உப்பு அறிஞ்ச ஊர்

அச்சங்குளத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, கையில் ஒட்டின அலுமினியப் பவுடர் மினுமினுக்க வேலைத்தலத்திலிருந்து நேரா வந்திருக்கிற தங்கச்சிமார்களே!

நம்ம பட்டாசு வானத்தில் சிவப்பாப் பூக்குதே, அது யாரு? ஸ்ட்ரான்ஷியம். பச்சை? சத்தமாச் சொல்லுங்க... பச்சை உப்பு! பேரியம். பட்டாசில் அதைச் சேர்க்க 2018-லயே உச்ச நீதிமன்றம் தடை போட்டாச்சு. அந்த வழக்குக்குள்ள போனா விடிஞ்சிரும், விடுங்க. சூடு பட்டா அணுவுக்குள்ள எலக்ட்ரான் மேல ஏறும், இறங்கும்போது நிறத்தைக் கக்கும். உங்க கை அறிஞ்ச வித்தை இது!

இதே வித்தையில் சிக்கினதுதான் ருபிடியம்னு ஒரு உலோகம். 1861-ல் ஜெர்மனியில் புன்சனும் கிர்ச்சாஃபும் அதைக் கண்டுபிடிச்சதே தீயில் தெரிஞ்ச சிவப்புக் கோடுகளை வச்சுத்தான். இப்போ விஞ்ஞானிங்க அதோட ஆவியைக் கண்ணாடிச் சிமிழில் அடைச்சு, ரெண்டு லேசரை விட்டு, எலக்ட்ரானை அம்பதாவது படிக்கு ஏத்திடுறாங்க. அணு பல நூறு மடங்கு ஊதிப்போகுது! ரிட்பெர்க் அணுன்னு பேரு. பட்டத்துக்கு நூல் விட விட, சின்னக் காத்துக்கும் ஆடும்ல? அதே கதைதான். ரேடியோ அலை லேசாத் தொட்டாப் போதும், சிமிழைத் தாண்டி வர்ற வெளிச்சத்தில் ஒரு உச்சி ரெண்டாப் பிரியும். எவ்வளவு பிரிஞ்சிருக்குன்னு பார்த்தா அலையோட பலம் தெரிஞ்சிரும். அலை நீளத்துக்கு ஏத்த மாதிரி ஆன்டெனா கம்பி நட வேண்டியதில்ல!

கைதட்டாதீங்க, இருங்க. ஒளியை வச்சு அணுவை விசாரிக்கிறது நம்ம ஜில்லாவுக்குப் புதுசா? 1928-ல் ராமன் விளைவு பிறந்தப்போ பக்கத்தில் நின்ன வத்திராயிருப்புக்காரர் யாரு? ஆமா, கே.எஸ். கிருஷ்ணன்! 1930-ல் நோபல் ராமனுக்கு மட்டும். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கலை. எடைக்கும் நீளத்துக்கும் நாட்டுக்கே அளவு சொல்ற டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் இருக்கே, அதுக்கு முதல் இயக்குநரே அவர்தான்யா!

சில பேருக்கு இந்த ஊர் பேரே 2021 பிப்ரவரி வெடிவிபத்தில்தான் தெரியும். மாலையோட வந்தாங்க, கேமரா கிளம்புச்சு, அவங்களும் கிளம்பிட்டாங்க. பேர் சொல்ல மாட்டேன், போன வாரம் பக்கத்து ஊர் மேடையில் விஞ்ஞானம் பேசினவங்கதான்! 2023-ல் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஆறாயிரம் கோடி ஒதுக்கினாங்களே, அதில் இந்த ரிட்பெர்க் அணு மாதிரி உணர்கருவி வேலைக்கு மும்பை ஐ.ஐ.டி. சந்தோஷம். பட்டாசுக்கு மணி மருந்து உருட்டுற அம்மாவோட பிள்ளைக்கு அதில் எங்கய்யா வழி?

பக்கத்து ஊர் மேடைக்காரங்களே, அந்த மேடைக்குக் கட்டின சீரியல் விளக்குக் காசில், நம்ம பள்ளிக்கூடத்துக்கு நிறமாலை பார்க்கிற கருவி ஒண்ணு வாங்கிக் கொடுங்க. கிருஷ்ணன் பேரைப் போட்டு வைங்க. உங்க பேரைப் போட்டா நானே வந்து அழிப்பேன்!