பிராட்லி சகோதரிகள் களையெடுத்த விதம்

களை மண்டிய நிலத்தில் முதலில் எங்கே கை வைப்போம்? எங்கே அடர்த்தியோ, அங்கேதான். சிட்னியில் வாழ்ந்த ஜோன், எய்லீன் பிராட்லி சகோதரிகள் இதை அப்படியே திருப்பிப் போட்டார்கள்.

1960-களில், வீட்டருகே இருந்த காட்டுக்குள் நடந்துபோகிற போதெல்லாம் களை பிடுங்கினார்கள். நல்ல செடிகள் நிற்கும் இடத்தில் தொடங்கி, களை மண்டிய பக்கமாக மெல்ல நகர்ந்தார்கள். மண்ணை முடிந்தவரை கிளறாமல் பார்த்துக்கொண்டார்கள். கிளறினால் உள்ளே உறங்கும் களைவிதைகள் வெளிச்சம் பட்டு எழுந்துவிடுமே! பிடுங்கிய இடத்தில் சருகைத் திரும்பப் பரப்பினார்கள். காட்டுச் செடிகள் தானாக முளைத்து அந்த இடத்தைப் பிடித்த பிறகுதான் அடுத்த அடி. இந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சிட்னிக் காடுகளை வாட்டும் களைகளில் ஒன்று உண்ணிச்செடி. நம் முதுமலையில் புல்லை அமுக்கி, மான்களின் மேய்ச்சலைக் கெடுப்பதும் அதேதான். உங்கள் தோப்போரம் அது நின்றால், மேலாக வெட்டாதீர்கள்; துளிர்த்துவிடும். மண்ணுக்குக் கீழே வேரோடு எடுங்கள். காய் பழுக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். பழுத்தால் பறவைகள் விதையை ஊரெங்கும் கொண்டுபோய்விடும்.