சிக்கந்தர் பாக்: நந்தவனம் போர்க்களமான கதை



கரி, கந்தகம், வெடியுப்பு மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சிவகாசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நமக்கு அது பிழைப்பு. அதே மருந்து ஓர் அரச தோட்டத்தைப் பிணக்காடாக்கிய கதையை இன்று பார்ப்போம்.

லக்னோவில் இருக்கிறது சிக்கந்தர் பாக். அவத் நாட்டின் கடைசி நவாப் வாஜித் அலி ஷாவின் உல்லாசத் தோட்டம் அது. நாலாபுறமும் உயர்ந்த மதில், நடுவே ஒரு மண்டபம். நவாப் பெரிய கலா ரசிகர். ஆட்டமும் பாட்டும் அங்கே அமர்க்களப்படும். 1856-ல் ஆட்சி சரியில்லை என்று காரணம் காட்டி, கிழக்கிந்தியக் கம்பெனி அவர் நாட்டைப் பறித்துக்கொண்டது.

மறு வருஷமே கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கம்பெனிப் பிரதிநிதியின் வளாகமான லக்னோ ரெசிடென்சிக்குள் முற்றுகையில் சிக்கிய வெள்ளையரை மீட்க, பிரிட்டிஷ் தளபதி சர் காலின் கேம்பல் படையோடு வந்தார். குறுக்கே நின்றது இந்தத் தோட்டம். சிப்பாய்கள் அதைக் கோட்டையாக்கியிருந்தார்கள். 1857 நவம்பர் 16. பீரங்கிக் குண்டுகள் மதிலில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டன. ஸ்காட்லாந்துப் படையும் பஞ்சாப் படையும் உள்ளே பாய்ந்தன. காவலாக இருந்த மதிலே சிப்பாய்களுக்குப் பொறியாகிவிட்டது. மாண்டவர்கள் ஏறக்குறைய 2,000 பேர்.

லக்னோவில் அந்த ஒரு நாள் சண்டைக்காக பிரிட்டன் தன் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸை 23 பேருக்கு வழங்கியது. செத்த சிப்பாய்களுக்கு ஒழுங்கான அடக்கம்கூட இல்லை. அடுத்த வருஷம் புகைப்படக் கலைஞர் ஃபெலிசே பியாட்டோ எடுத்த புகைப்படத்தில், மண்டபத்தின் முன்னே எலும்புகள் சிதறிக் கிடக்கின்றன.

அந்தச் சண்டையில் அரசமரத்தில் ஏறி மறைந்திருந்து சுட்ட ஒரு பெண்ணைப் பற்றி பிரிட்டிஷ் படைவீரர் ஒருவரின் நினைவுக் குறிப்பு சொல்கிறது. அவர்தான் ஊதா தேவி என்று பாசி சமூக மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். இன்று அங்கே அவருக்குச் சிலை நிற்கிறது. பழைய தோட்டத்தின் வாசலும் மதிலில் ஒரு பகுதியும் மிச்சமிருக்கின்றன. மீதி இடத்தில் தேசிய தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

நம் பக்கத்திலும் இப்படியொரு பெயர் உண்டு. சிவகங்கை ராணி வேலு நாச்சியாரின் படையிலிருந்து, வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கில் தீயோடு பாய்ந்ததாக மக்கள் சொல்லும் குயிலி. பட்டயத்தில் இல்லாத பெயரைக் காப்பாற்றுவது ஊர் வாய்தான். லக்னோ தூரம்; சிவகங்கை பக்கம். அங்கே வேலு நாச்சியார் மணிமண்டபத்தில் குயிலிக்கும் நினைவுச் சின்னம் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.